முதுகில் தைத்த சிரட்டை

காளியப்பன் விட்டது சாதாரணக் குறட்டை அல்ல. கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் இருந்த அந்த ஒழுங்கையில் குறட்டை விடுகிற ஆண்பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஒழுங்கை முனையில் வெற்றிலைக் கடை வைத்திருந்தவன்வரை பெயர் சொல்லிப் பேசிய குறட்டை அவனுடையது ஒன்றுதான். படுத்துக் கால் மணி நேரத்தில் மெல்லத் தொடங்கும். பிறகு படிப்படியாக ஏறும். ஏறி உச்சிக்குப் போன இடத்தில் சட்டென்று நின்றுவிடும்.

அவன் பெண்சாதி இராமலெட்சுமிக்குச் சத்தம்கூடப் பெரிதில்லை. அது நிற்பதுதான் பெரிது. நின்றதும் அவள் எண்ணத் தொடங்குவாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று போகும். அப்போதுதான் மனுஷன் ஓர் உறுமலோடு மூச்சை இழுப்பான். அவளுக்கும் போன உயிர் திரும்பி வரும். ஓர் இரவில் இப்படி எத்தனை முறை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

கல்யாணமான புதிதில் அவன் சத்தமில்லாமல்தான் தூங்கினான். எண்பத்து மூன்று கலவரத்தில் மஸ்கெலியாக் கடைத்தெருவில் யாரோ விறகுக் கட்டையால் மூக்கில் போட்ட அடி, எலும்பைக் கோணலாக்கிவிட்டது. அடித்தவன் எங்கேயோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான். இவள் பதின்மூன்று வருடமாக விழித்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். எலும்பை உடைத்து நேராக்கலாம், ஆனால் இப்போதைக்கு முடியாது, வடக்கிலிருந்து காயப்பட்டவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். காயப்பட்டவர்களோடு போட்டி போட மூக்கு போதாது என்று காளியப்பன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

அவன் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற நாட்டாமி. அவள் ஒரு லோண்டரியில் ஸ்திரிப்பெட்டி பிடித்துத் துணி மினுக்கினாள். பிள்ளை இல்லை. ஐறீன் மிஸ்ஸி என்ற விதவையின் வீட்டுப் பின்கட்டில் பலகை வைத்துப் பிரித்த இரண்டு அறைகளில் ஒன்று இவர்களுக்கு. மற்ற அறையில் பேரம்பலம் என்ற யாழ்ப்பாணத்து மனுஷர் இருந்தார். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். கனடாவிலிருக்கும் மகன் தன்னை அங்கே கூப்பிட்டுக்கொள்ள அனுப்பப்போகும் கடுதாசிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் ஒரு பொய் சொன்னதில்லை என்பது அவருடைய பெருமை. பிரஷர்காரர், பூனை நடந்தாலும் விழித்துக்கொள்வார். இரண்டு அறைக்கும் நடுவில் இருந்தது அரை அங்குலப் பலகை.

பாவம், அவரும் நாலு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஐறீன் மிஸ்ஸியிடம் போய், ஒன்று அந்த மனுஷன் இருக்க வேண்டும் அல்லது நான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஐறீன் மிஸ்ஸி கெட்டவளில்லை. ஆனால் பேரம்பலம் ஐயாதான் அவளுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவர், பொலிஸ் வந்தால் இங்கிலீஷ் கதைப்பவர். யாரை வைத்துக்கொள்வது என்பதில் அவளுக்குக் குழப்பமே வரவில்லை. மாதம் முடிவதற்குள் வேறு இடம் பார்க்கச் சொன்னாள்.

அந்த வருடம் தை மாதக் கடைசியில்தான் மத்திய வங்கியில் குண்டு வெடித்திருந்தது. அதன்பிறகு கொழும்பில் ஒரு தமிழனுக்கு அறை என்பது படுத்தெழும்புகிற இடம் மட்டுமில்லை. வீட்டுக்காரர் ஒரு படிவத்தில் அந்த வீட்டில் இராத் தங்குகிற எல்லோருடைய பெயரையும் எழுதி, பொலிஸில் முத்திரை குத்தி வாங்கி வைத்திருக்க வேண்டும். அடையாள அட்டையில் தேயிலைத் தோட்டத்து விலாசம் இருக்கிறவனுக்கு அந்தப் படிவம்தான் கவசம். அறை போனால் படிவத்திலிருந்து பெயர் போகும். பெயர் போனால், அடுத்த சோதனையில் ஆளே போய்விடும். வெள்ளவத்தையில் விசாரித்தார்கள். அங்கே அறைகளெல்லாம் வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறவர்களுக்கு. தோட்டத்து நாட்டாமிக்கு அல்ல. இராமலெட்சுமி ஐறீன் மிஸ்ஸியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி இன்னொரு மாதம் வாங்கினாள்.

அந்த ஒரு மாதம் அவள் குறட்டையோடு போட்ட சண்டையைச் சொல்லி மாளாது. இஞ்சிச் சாறு, மூக்குக்கு விக்ஸ், தலைக்கு மூன்று தலையணை. ஜிந்துப்பிட்டி முருகனுக்கு அர்ச்சனை, செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி. மல்லாந்து படுத்தால்தான் சத்தம் கூடுகிறது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். லோண்டரியில் யாரும் திரும்பக் கேட்டு வராத கறுப்புக் காற்சட்டை ஒன்று கிடந்தது. அந்தத் தடித்த துணியை வெட்டி, காளியப்பனின் பெனியன் முதுகில் மூன்று பைகளை இரட்டைத் தையல் போட்டுத் தைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் போட்டாள். புரண்டு மல்லாந்தால் குத்தும், குத்தினால் திரும்பிப் படுப்பான் என்பது கணக்கு. மூட்டை சுமந்து காய்த்த முதுகுக்குச் சிரட்டை எம்மாத்திரம். மூன்றாம் நாள் மூன்றும் உடைந்து தூளாகிக் கிடந்தன, அவன் சுகமாக மல்லாந்து உறுமிக்கொண்டிருந்தான்.

கடைசியில் மிஞ்சியது அவளுடைய கைதான். விடிய விடிய உட்கார்ந்திருந்து, சத்தம் ஏறும்போதெல்லாம் தோளைப் பிடித்துப் புரட்டிப் போட்டாள். பகலில் நின்றபடியே கண்ணை இழுத்துக்கொண்டு போகும். ஒரு நாள் யாரோ வக்கீலின் வெள்ளைச் சட்டையில் ஸ்திரிப்பெட்டியை வைத்தபடி தூங்கிவிட்டாள். புகை வந்த பிறகுதான் முழித்தாள். இன்னொரு தரம் இப்படி நடந்தால் வரவேண்டாம் என்றார் முதலாளி. அன்று வீட்டுக்கு வந்து அவன் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு வந்தது இரக்கமில்லை, ஆத்திரம். இந்த மனுஷன் ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, எங்கேயாவது தொலைந்து போனால் என்ன என்று நினைத்தாள். அதைப் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்து நினைத்து அவள் வாயில் அடித்துக்கொண்டாள்.

வழி சொன்னவளும் அவள்தான். காளியப்பன் வழக்கமாக மூட்டை தூக்கும் பலசரக்கு ஸ்டோருக்கு இராக்காவலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அவன் பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டோர்காரர் மக்கீன் ஹாஜியார். நல்ல மனுஷர், பயந்த மனுஷர். அவளே அவர் முன்னால் போய் நின்று உள்ளதைச் சொன்னாள். இவர் அங்கே படுத்துக்கொள்ளட்டும், சம்பளம்கூட வேண்டாம், ஆனால் குறட்டை விடுவார் என்றாள். ஹாஜியார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அவன் நல்லா கொறட்ட உடட்டும் மகள். அதான் எனக்குக் காவல். கள்ளன் கேட்டா உள்ளுக்கு ஆளீக்கிற என்டு ஓடிருவான்."

ஒரே ஒரு நிபந்தனை. தமிழன் ஒருவனைப் புறக்கோட்டையில் இராத் தங்க வைத்திருப்பது வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் அவர் கடைக்கும் சேர்த்துத் தலைவலி. பெயர் எங்கேயும் எழுத மாட்டார், கடிதம் தர மாட்டார். மாலை ஏழு மணிக்கு அவனை உள்ளே விட்டு வெளியே பூட்டுவார், காலையில் வந்து திறப்பார். யார் கேட்டாலும் வாய் திறக்கக்கூடாது. அவர்கள் இரண்டு பேரும் சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினார்கள். கொட்டாஞ்சேனைப் படிவத்தில் பெயர் இருக்கிறது, அறையும் இருக்கிறது, இனி யாருக்கு என்ன குறை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இராத் தங்குகிறவன் என்று எழுதிய பெயர்க்காரன் இராத் தங்குவதில்லை என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை.

ஏழு வாரம் அந்த வீட்டில் அமைதி. காளியப்பன் மிளகாய் மூட்டைகளின் நடுவே இஷ்டத்துக்கு உறுமிவிட்டு, விடிய ஆறரைக்குக் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு றாத்தல் பாணோடு வருவான். தேத்தண்ணீர் குடித்து, குளித்து, மூட்டை தூக்கப் போவான். பேரம்பலம் ஐயா முகத்தில் களை வந்தது. ஐறீன் மிஸ்ஸி வேறு இடம் பார்க்கச் சொன்னதை மறந்தேபோனாள். இராமலெட்சுமி முதல் சில நாள் பழக்க தோஷத்தில் விழித்து வெறும் பாயைத் தடவினாள். பிறகு தூங்கினாள். செத்தவளாகத் தூங்கினாள். புருஷன் இல்லாத பாய் இவ்வளவு சுகமா என்று வெட்கமாகக்கூட இருந்தது, ஆனாலும் தூங்கினாள். கண்ணடியில் இருந்த கறுப்பு மறைந்தது. சிரட்டைப் பெனியனை, துணி நல்ல துணியாயிற்றே என்று துவைத்து மடித்துத் தகரப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

எட்டாவது வாரம், விடியப்புறம் நாலு மணிக்கு ஒழுங்கையை வளைத்துச் சோதனை வந்தது. ஐறீன் மிஸ்ஸி படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பெயராகப் படித்து ஆளைப் பார்த்தார். காளியப்பன் என்ற இடத்தில் ஆள் இல்லை. எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். இராமலெட்சுமிக்கு ஹாஜியாருக்குக் கொடுத்த வாக்குதான் முன்னால் வந்தது. தோட்டத்தில் சாவு, முந்தாநாள்தான் போனார் என்று சொல்லிவிட்டாள்.

அதற்குள் ஆமிக்காரன் ஒருத்தன் தகரப் பெட்டியைக் கவிழ்த்திருந்தான். பெனியன் மேலே வந்து விழுந்தது. அவன் அதைத் துப்பாக்கி முனையால் தூக்கிப் பிடித்தான். முதுகில் கறுப்புத் துணியில் மூன்று பைகள், வரிசையாக, இரட்டைத் தையல். அந்த நாளில் அப்படி ஓர் உடுப்பைப் பார்த்தால் எவனுக்கும் குண்டு என்ற ஒரே நினைப்புத்தான் வரும். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

அவள் கைகளை ஆட்டி ஆட்டி, தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினாள். குறட்டைக்கு சார், சிரட்டைக்கு சார், மல்லாந்து படுக்காமலிருக்க சார். சொல்லும்போதே அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று அவள் காதுக்கே கேட்டது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் படுக்கிறவர் யார் என்று கேட்டார்.

பேரம்பலம் ஐயா வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். இந்த ஆள் இராத்திரியில் குறட்டை விடுகிறானா என்று கேள்வி. ஒளிவுமறைவில்லாமல் சொன்னால் வீடே தப்பும் என்று அவர் நினைத்தார். நல்ல இங்கிலீஷில், நிதானமாக, முன்பு குறட்டை விட்டவர்தான், ஆனால் சுமார் இரண்டு மாதமாக இங்கே அப்படி ஒரு சத்தமே இல்லை, இரவில் அவர் இங்கே இருப்பதாகவும் தெரியவில்லை, நான் நன்றாகத் தூங்குகிறேன் என்றார். முந்தாநாள் போனவன் இரண்டு மாதமாக இல்லை. இல்லாத குறட்டைக்கு முதுகில் மூன்று பை. இன்ஸ்பெக்டர் பெனியனை மடித்து ஒரு பையில் போடச் சொன்னார்.

இரண்டு பொலிஸ்காரரை வீட்டுக்குள் உட்கார வைத்தார்கள். அவளை அறையை விட்டு அசைய விடவில்லை. சுவர் மணிக்கூடு ஆறு அடித்தது. இன்றைக்கு மட்டும் பிந்தி வாங்க, இன்றைக்கு மட்டும் வராதீங்க என்று அவள் உள்ளுக்குள் கதறினாள். சரியாக ஆறரைக்குக் காளியப்பன் பாணை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, படியேறி வந்தான்.

ஸ்டோரில் இருந்தேன் என்று அவன் சொன்னான். ஸ்டோருக்குக் கூட்டிப் போனார்கள். மக்கீன் ஹாஜியார் மூட்டைகளையும் பொலிஸையும் பார்த்தார். பகலில் மூட்டை தூக்குகிறவன்தான், இரவில் இங்கே யாரும் இல்லை என்றார். அன்று மத்தியானம் இராமலெட்சுமி அவர் முன்னால் போய் நின்றபோது அவரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"எனக்கும் நாலு பொம்புளப் புள்ள ஈக்கி மகள். என்னயும் தூக்கினா அதுகள யார் பாக்கிற?"

அவள் ஒழுங்கைக்குத் திரும்பி நடந்தாள். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து பேரம்பலம் ஐயாவும் அன்று மாலை வந்து நின்றார்.

"பிள்ளை, நான் பொய் சொல்லேல்லை."

"ஆமாங்கய்யா. நீங்க உண்மையத்தான் சொன்னீங்க."

அவர் அதன்பிறகு அவளோடு பேசவில்லை.

அன்று இரவு அவள் படுக்கக்கூடாது என்று நினைத்தாள். அவன் லொக்கப்பில் கிடக்க இவளுக்கு என்ன தூக்கம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் கண் திறந்தபோது வெயில் சன்னலுக்குள் வந்திருந்தது. ஒரு கனவுகூட வரவில்லை. பதின்மூன்று வருடக் கடனை உடம்பு வசூலித்துக்கொண்டிருந்தது, அதற்குப் புருஷனும் தெரியவில்லை, பொலிஸும் தெரியவில்லை. அவள் தன் உடம்பை வெறுத்தாள்.

ஒன்பதாம் நாள் பார்க்க விட்டார்கள். விடுமுன் இன்ஸ்பெக்டர் அவளை மேசைக்கு முன்னால் நிறுத்தினார். நாளைக் காலை அவனைத் தடுப்புக் காவலில் வேறிடத்துக்கு அனுப்பப் போகிறார்கள். எங்கே என்று சொல்லவில்லை. பிறகு ஒன்று சொன்னார். இராக் கடமைக்காரர்களிடம் ஒவ்வொரு நாளும் கேட்டேன், எட்டு இரவில் அவன் ஒரு தடவையும் குறட்டை விடவில்லை, ஒரு தடவை விட்டிருந்தால் உன் பெனியன் கதையை நான் யோசித்துப் பார்த்திருப்பேன். அவர் அதைக் கேலியாகச் சொன்னாரா, மெய்யாகச் சொன்னாரா என்று அவளுக்குப் புரியவில்லை. மெய்யென்று பிடித்துக்கொண்டாள். பிடிக்க வேறு என்ன இருந்தது.

கம்பிக்குப் பின்னால் காளியப்பன் பாதியாகியிருந்தான். கண் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தன.

"படுக்க எடமில்ல லெச்சுமி. பதினாலு பேரு. முட்டியக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கோம். தூக்கம் எங்க வருது."

"இன்னைக்கி ஒரு ராத்திரி தூங்குங்க. ஒங்க கால்ல விழுறேன். தூக்கம் வராட்டி சும்மாவாச்சும் விடுங்க."

"எப்பிடி விடுறது? நான் கேட்டதில்லையே."

உண்மைதான். ஒழுங்கை முழுவதும் கேட்ட குறட்டையை அவன் ஒருத்தன்தான் கேட்டதில்லை. இராமலெட்சுமி சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு கம்பியில் முகத்தை வைத்து, தாழ்ந்த குரலில், மூச்சை இழுத்து விட்டுக் காட்டினாள். முதலில் மெதுவாக. அப்புறம் ஏற்றி. ஏற்றி இந்த இடத்தில் நிறுத்தணும். நிறுத்திப் பன்னிரண்டு எண்ணணும், மூச்சு விடக்கூடாது. பிறகு ஒரே உறுமல். அவன் திருப்பிச் செய்தான். தப்பு என்றாள். மறுபடி செய்தான். அவனுடைய ஒவ்வொரு மூச்சும் அவளுக்கு மனப்பாடம். இந்தச் சனியனை ஒழிக்க என்ன பாடு பட்டேன் என்று நினைத்தபோது கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வாசலில் நின்ற பொலிஸ்காரன் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, நேரம் முடிந்தது என்றான்.

அடுத்த நாள் விடியவே அவள் போய் ஸ்டேஷன் வாசலில் நின்றாள். ஏழு மணிக்கு அவனை வெளியே கொண்டுவந்தார்கள். கையில் விலங்கு. உதடு வீங்கியிருந்தது. வாகனத்துக்குப் போகும் வழியில் பத்தடி தூரம் அவள் கூடவே நடக்க விட்டார்கள்.

"எடம் விட்டாங்க லெச்சுமி. பதிமூணு பேரும் எந்திரிச்சு செவுத்தோரமா நின்னாங்க, நான் மட்டும் மல்லாந்து படுத்தேன். தூக்கம் வரல. அப்புறம் நீ சொன்னாப்பல விட்டேன். நல்லாத்தான் வந்துச்சு. நிப்பாட்டி பன்னெண்டு எண்ணுறப்ப ஒருத்தனுக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவன் சிரிக்க எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சுட்டேன். அப்பத்தான் பொலிஸ்காரன் உள்ள வந்தான்."

அவள் அவன் கையைத் தொட்டாள். விலங்குதான் அகப்பட்டது.

"நீ தூங்குறியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். எந்தப் பெண்சாதியும் அதைத்தான் சொல்வாள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை.

"தூங்குறேங்க. நல்லாத் தூங்குறேன்."

"நல்லது" என்றான் காளியப்பன். "பதிமூணு வருஷம் ஒன்னயத் தூங்க விடல." அதற்குள் அவனை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது ஐறீன் மிஸ்ஸி புதுப் படிவத்தோடு காத்திருந்தாள். காளியப்பனின் பெயரை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதித் தரச் சொல்லி பொலிஸ் உத்தரவு. நீ இருக்கலாம், உன்னால் ஒருத்தருக்கும் தொந்தரவில்லை, எத்தனை காலமென்றாலும் இரு என்றாள். மனதாரத்தான் சொன்னாள். இராமலெட்சுமி காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள். அறை தப்பிவிட்டது.

அன்று விளக்கை அணைத்ததும் அவள் படுக்கவில்லை. முட்டியைக் கட்டிக்கொண்டு, அவன் உட்கார்ந்திருந்த மாதிரியே, சுவரோரமாக உட்கார்ந்தாள். எங்கே கொண்டுபோனார்களோ, அங்கே படுக்க இடம் இருக்குமோ என்னவோ. அவன் விழித்திருக்கும்வரை தானும் விழித்திருப்பது, அவ்வளவுதான் இனி அவளால் செய்ய முடிந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் பேரம்பலம் ஐயா புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து தண்ணீர் குடித்தார், மறுபடி படுத்தார், மறுபடி எழுந்தார். அவருக்கு இப்போதெல்லாம் தூக்கம் வருவதில்லை.

இராமலெட்சுமி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினாள். பன்னிரண்டு வருமுன் அவள் தூங்கிப்போனாள்.